ஜவ்வு விலகுவதில்லை: முதுகு டிஸ்க் பிதுக்கம் என்பது என்ன?

“எல்4–எல்5 மட்டத்தில் டிஸ்க் பல்ஜ். எல்5–எஸ்1 மட்டத்தில் புரோட்ரூஷன். இடது நரம்பு வேரில் அழுத்தம்.” முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்கள் வாங்கிவரும் அறிக்கையின் கடைசிப் பத்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பத்தி இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது: “ஜவ்வு விலகிவிட்டது.”

குமரி மாவட்டத்தில் குலசேகரத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து குளச்சல் கடற்கரை வரை, இந்த இரண்டு சொற்களை நம்பித்தான் பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. விலகியது என்றால் திரும்ப இடத்தில் வைக்க வேண்டும் அல்லவா? அதனால் ஒருவர் தடவி ஏற்றிவிட வர்ம வைத்திய ஆசானைத் தேடிப் போகிறார். இன்னொருவர் அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி என்று நகையை அடகு வைக்கிறார். மற்றொருவர் இனிக் குனியவே கூடாது என்று மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறார். மூன்று பேரையும் திசை திருப்பியது ஒரே தவறான சொல். டிஸ்க் விலகுவதில்லை, நழுவுவதுமில்லை. அது பிதுங்குகிறது. இந்த வேறுபாடு புரிந்தால் யார் காத்திருக்கலாம், யார் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

முதலில், டிஸ்க் என்றால் என்ன?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று 24 தனித்தனி முள்ளெலும்புகள். அவற்றின் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்புகள். இடுப்பின் ஐந்தையும் மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை என்றும், ஒட்டிப்போனவற்றில் முதலாவதை எஸ்1 என்றும் அறிக்கை குறிக்கிறது; எல்4–எல்5 என்றால் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மட்டம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மட்டும் டிஸ்க் கிடையாது. மற்ற இடங்களில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே ஒன்றாக மொத்தம் 23 டிஸ்க்குகள் உள்ளன. நாம் ஜவ்வு என்று சொல்வது இவற்றைத்தான்.

நுங்கு சீவித் தின்றவர்களுக்கு டிஸ்க்கின் அமைப்பை எளிதாகச் சொல்லிவிடலாம். நடுவில் நீர் நிறைந்த வழுவழுப்பான கூழ். இளவயதில் அந்தக் கூழில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர்தான். அதைச் சுற்றி நார் வளையம். தேங்காய்த் தும்பைப் போன்ற உறுதியான நார்கள் 15 முதல் 25 அடுக்குகளாகச் சுற்றியிருக்கும். ஒரு அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாயும். பனையோலைப் பெட்டியின் பின்னலைப் போல மாறி மாறிச் செல்வதால்தான் வளையம் முறுக்கையும் தாங்குகிறது, அழுத்தத்தையும் தாங்குகிறது. இந்த வளையம் மேலெலும்போடும் கீழெலும்போடும் இறுகப் பிணைந்திருக்கிறது. அதனால் டிஸ்க் முழுதாகத் தன் இடத்தைவிட்டு வழுக்கிச் செல்ல வழியே இல்லை.

நுங்கு முற்றினால் கடுக்காய் ஆகிவிடும். டிஸ்க்குக்கும் அதேதான். வயது ஏற ஏறத் தண்ணீர் குறைந்து கூழ் இறுகுகிறது, வளையத்தில் சிறு சிறு வெடிப்புகள் விழுகின்றன. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் இரத்தக் குழாய்கள் நுழைவதில்லை. அண்டை எலும்பிலிருந்து ஊறிவரும் சத்தை மட்டும் நம்பி அது உயிர் வாழ்கிறது. அதனால்தான் வெடிப்பு விழுந்தால் ஆறுவதற்குத் தோலைப்போல நாள்கள் போதாது, மாதங்கள் ஆகும்.

பிதுக்கத்தின் நான்கு நிலைகள்

ஸ்கேன் அறிக்கையில் வரும் சொற்கள் நான்கு வெவ்வேறு நிலைகளைக் குறிக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

1. பல்ஜ்: வளையம் கிழியவில்லை. டிஸ்க் சுற்றிலும் சற்று உப்பியிருக்கிறது, காற்றுக் குறைந்த டயர் தரையில் பரவுவதுபோல.

2. புரோட்ரூஷன்: ஒரு பக்கத்தில் மட்டும் வளையம் பலவீனப்பட்டு, கூழ் அங்கே முட்டிப் புடைத்திருக்கிறது. வெளி அடுக்குகள் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

3. எக்ஸ்ட்ரூஷன்: வளையம் கிழிந்து கூழ் வெளியே வந்துவிட்டது. ஆனாலும் உள்ளே இருக்கும் கூழோடு தொடர்பு அறுபடவில்லை.

4. சீக்வெஸ்ட்ரேஷன்: வெளியே வந்த துண்டு தனியே துண்டித்துக்கொண்டு, தண்டுவடக் குழாய்க்குள் கிடக்கிறது.

இடுப்பில் ஏற்படும் பிதுக்கங்களில் மிகப் பெரும்பான்மை எல்4–எல்5, எல்5–எஸ்1 என்ற கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் நிகழ்கிறது. மேலுடம்பின் எடை முழுவதையும் தாங்கிக்கொண்டு, அதே நேரத்தில் குனியவும் நிமிரவும் கீலாக இருப்பவை அந்த இரண்டுமே. பின்புறத்தின் நடுவில் ஒரு தசைநார்ப் பட்டை காவலாக நிற்பதால், கூழ் பெரும்பாலும் அதன் ஓரமாக, பின்பக்கச் சாய்வில் வெளியேறுகிறது. நரம்பு வேர் கிளம்பும் இடமும் அந்த ஓரம்தான்.

விடியற்காலை, ரப்பர் மரம், முதுகு

மாவட்டத்தின் மேற்கிலும் மலையடிவாரத்திலும் ரப்பர் பால் வெட்டுபவர்கள் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பு மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக வடியும். புதிய மரத்தில் வெட்டு ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு வெட்டிலும் பட்டையில் மெல்லிய சீவல் குறைவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல வெட்டுக்கோடு தரையை நோக்கி இறங்குகிறது. நெஞ்சளவில் நின்று வெட்டியவர் சில ஆண்டுகளில் அதே மரத்தில் முழங்காலுக்குக் கீழே குனிந்து வெட்ட வேண்டியிருக்கிறது. மரத்தைச் சுற்றி நகர்ந்தபடி குனிவதால் இடுப்பு கூடவே முறுகுகிறது. ஒரு மரம் முடிந்ததும் அடுத்த மரம். ஒரே காலையில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது.

மரத்துக்கு நடப்பது மனிதனின் டிஸ்க்குக்கும் நடக்கிறது. படுத்திருக்கும்போது டிஸ்க் மீது சுமை குறைவதால் இரவெல்லாம் அது தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் முந்தைய மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு மனிதரின் எல்4–எல்5 டிஸ்க்குக்குள் அழுத்தமானியைப் பொருத்தி எடுத்த அளவீடுகளை 1999-இல் வெளியிட்டார்கள். ஏழு மணி நேர உறக்கத்தில் டிஸ்க்கின் உள்ளழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. உப்பிய டிஸ்க் விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் முதுகை வளைத்துக் குனிந்தால் நார் வளையத்தின் மீது விழும் இழுவிசை பகலில் விழுவதைவிடப் பல மடங்கு அதிகம். பால் வெட்டும் தொழிலின் முதல் ஒரு மணி நேரம் டிஸ்க்குக்கு மிகக் கடினமான நேரத்தில் வந்து விழுகிறது. இது யார் தவறும் அல்ல. மரமும் முதுகும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன.

அதே ஆய்வின் இன்னும் சில எண்கள், சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில்: படுத்திருக்கும்போது சுமார் 1, நிமிர்ந்து நிற்கும்போது 5. முதுகை வளைத்து 20 கிலோ சுமையைத் தூக்கியபோது 23. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இது ஏறத்தாழப் பத்து மடங்கு. அதே 20 கிலோவை உடலோடு அணைத்துப் பிடித்து நின்றபோது வெறும் 11. சுமையின் எடையைவிட அது உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே டிஸ்க்குக்கு முக்கியம். கோட்டாறு சந்தையில் மூட்டை ஏற்றுபவருக்கும், வள்ளத்திலிருந்து மீன்கூடையைக் கைநீட்டித் தூக்குபவருக்கும், குடத்தைக் கிணற்றடியிலிருந்து எட்டித் தூக்கும் பெண்ணுக்கும் இந்த ஒரு கணக்கு பொருந்தும்.

உழைப்பை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகளில், டிஸ்க் தேய்வதில் தொழில் சுமையைவிடப் பரம்பரைக் கூறின் பங்கு பெரிதாக இருந்தது. புகைப்பழக்கம், உடல் பருமன், நெடுநேரம் அதிரும் இருக்கையில் அமர்ந்து வண்டி ஓட்டுவது ஆகியவையும் சேர்கின்றன. “நான் அன்று அந்த மூட்டையைத் தூக்காமல் இருந்திருக்கலாமே” என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே நொந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மூட்டை கடைசித் துரும்புதான். வெடிப்பு வெகுநாளாக வளர்ந்துகொண்டிருந்திருக்கும்.

கோளாறு முதுகில், வலி காலில்: ஏன்?

தண்டுவடம் இடுப்பின் தொடக்கத்திலேயே, எல்1–எல்2 அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வாலைப்போலத் தொங்கி, ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு ஜோடியாக வெளியேறுகின்றன. கீழ்வேர்கள் சேர்ந்து உருவாகும் பெரிய நரம்புதான் சயாட்டிக் நரம்பு. வேரில் எரிச்சல் ஏற்பட்டால் அந்த வேர் போய்ச்சேரும் இடத்தில் மூளை வலியை உணர்கிறது. பிட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வழியே பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஓடும் வலிக்கு சயாட்டிகா என்று பெயர். இருமினாலும் தும்மினாலும் அது சுரீரென்று கூடும்.

எந்த வேர் பாதிக்கப்பட்டது என்பதைக் காலே சொல்லிவிடும்:

1. எல்4 வேர்: முழங்காலைச் சுற்றியும் கணுக்காலின் உட்பக்கமும் மரத்துப்போகும். படியேறும்போது முழங்கால் மடங்கும்.

2. எல்5 வேர்: பாதத்தின் மேல்புறம், பெருவிரல் பக்கம் மரத்துப்போகும். பெருவிரலை மேல்நோக்கித் தூக்க வலுவிருக்காது, குதிகாலில் நடக்க முடியாது. செருப்பு காலிலிருந்து கழன்று விழுவது தெரியாமல் போவதும் உண்டு.

3. எஸ்1 வேர்: பாதத்தின் வெளிவிளிம்பும் சுண்டுவிரலும் மரத்துப்போகும். அந்தக் காலின் நுனிவிரலில் எம்பி நிற்க முடியாது.

மருத்துவர் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்ப்பது இதற்காகத்தான். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் காலுக்குள் வலி ஓடினால் நரம்பு வேர் உரசப்படுகிறது என்று பொருள். விலையுயர்ந்த எந்தக் கருவியும் தேவைப்படாத இந்தச் சோதனை ஸ்கேனுக்கு முன்பே செய்யப்பட வேண்டியது. காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தால், “காலைச் சோதித்துப் பாருங்கள்” என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கால்வலிக்குப் பிதுக்கம் காரணமாகலாம் என்பதே 1934-இல்தான் தெளிவாக நிறுவப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள், அதுவரை கட்டி என்று நினைத்து அகற்றப்பட்டவை உண்மையில் டிஸ்க்கின் துண்டுகளே என்று காட்டினார்கள். அப்போது எல்லாரும் அழுத்தத்தைத்தான் நினைத்தார்கள். இன்று இன்னொன்றும் தெரியும்: வெளியே வந்த கூழ் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் கசியவிடுகிறது. நரம்பு நசுங்குவது ஒரு பங்கு, வீங்கி எரிவது இன்னொரு பங்கு. அதனால்தான் பிதுக்கத்தின் அளவு அப்படியே இருக்கும்போதும், வீக்கம் தணிந்ததும் வலி பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஸ்கேன் அறிக்கையை எப்படி வாசிப்பது?

எந்த வலியும் இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1994-இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு மட்டத்தில் பல்ஜ் இருந்தது, 27 விழுக்காட்டினருக்குப் புரோட்ரூஷன் இருந்தது. ஒருவருக்கும் முதுகுவலி கிடையாது. இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, வலியே இல்லாத 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் பல்ஜ் காணப்படுகிறது.

ஆகவே அறிக்கையில் ‘பல்ஜ்’ என்று இருப்பது தலையில் நரைமுடி இருப்பதாகச் சொல்வதற்குச் சமம். இடது காலில் வலிக்கும்போது அறிக்கை வலது வேர் என்று சொன்னால், அந்தப் பிதுக்கம் இந்த வலிக்குக் காரணமல்ல. வலி, காலின் சோதனை, ஸ்கேன் ஆகிய மூன்றும் ஒரே வேரைச் சுட்டினால்தான் நோயறிதல் முழுமையாகிறது. காலில் பலவீனமோ கீழே சொல்லப்போகும் அபாய அறிகுறிகளோ இல்லாதவர்களுக்கு முதல் ஆறு வாரங்களில் பெரும்பாலும் ஸ்கேனே தேவைப்படுவதில்லை.

பெரிதாக வந்தது பெரும்பாலும் கரையும்

பலருக்கும் நம்பக் கடினமான உண்மை இது. வெளியே வந்த கூழை உடலே தின்று கரைத்துவிடுகிறது. டிஸ்க்கின் கூழ் பிறப்பிலிருந்தே இரத்த ஓட்டத்திலிருந்து மறைந்து வாழ்ந்த பொருள். வளையம் கிழிந்து அது வெளியே வரும்போது, நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாகக் கண்டு சூழ்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. விழுங்கும் அணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன.

எவ்வளவு வெளியே வந்ததோ அந்த அளவுக்கு அது அணுக்களின் கண்ணில் படும். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்கு: தனியே துண்டித்த சீக்வெஸ்ட்ரேஷனில் 96 விழுக்காடு, எக்ஸ்ட்ரூஷனில் 70, புரோட்ரூஷனில் 41, பல்ஜில் 13 விழுக்காடு தானாகவே சுருங்கியிருந்தன. “துண்டு உடைந்து கிடக்கிறது” என்று கேட்டதும் குடும்பமே கலங்கிப்போகும். கரைவதற்கு அதிக வாய்ப்புள்ளது அந்தத் துண்டுதான். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை நரம்பு பத்திரமாக இருக்கிறதா என்று கவனிப்பதும், வலியைத் தாங்கும் அளவில் வைத்திருப்பதும்தான் சிகிச்சையின் வேலை.

தடவல், பெல்ட், மாத்திரை, ஊசி, அறுவை

வர்ம வைத்தியத்துக்குக் குமரி மண்ணில் ஆழமான வேர் உண்டு. இறுகிய தசைகளைத் தளர்த்தும் எண்ணெய்த் தடவல் பலருக்கு ஆறுதல் தருகிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியிலிருந்து அழுத்திப் பிதுங்கிய கூழை உள்ளே தள்ள எந்தக் கையாலும் முடியாது. சிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் வலி போனதென்றால், அதில் உடலின் சொந்தக் கரைப்பு வேலைக்குப் பெரும்பங்கு இருக்கும். காலில் பலவீனம் இருக்கும்போது இடுப்பைத் திருகி முறிப்பது மட்டும் கூடவே கூடாது.

இதே அளவுகோலை ஆங்கில மருத்துவத்துக்கும் வைக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டையும் எடைகட்டி இழுக்கும் டிராக்ஷனையும் பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. சயாட்டிகாவுக்குப் பரவலாக எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரை, 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. படுக்கை ஓய்வு ஓரிரண்டு நாள் போதும். அதற்கு மேல் படுத்தால் தசைதான் கரையும். நரம்பு வேரருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கலாம், பிதுக்கத்தை மாற்றாது.

அறுவை சிகிச்சைக்கு ஒரு தெளிவான இடம் உண்டு. 2007-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், கடுமையான சயாட்டிகாவால் 6 முதல் 12 வாரங்கள் வரை துன்பப்பட்ட 283 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே அறுவை. மறு குழு காத்திருந்தது. அதில் 39 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டது. உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி விரைவில் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு குழுக்களிலும் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தார்கள். அறுவை வாங்கித் தருவது நேரத்தை. அன்றாடக் கூலியை நம்பி வாழும் ஒருவருக்கு அந்த மாதங்கள் பெரிய விஷயம்தான். எனவே ஆறு முதல் எட்டு வாரங்கள் முயன்றும் கால்வலி தாங்க முடியவில்லை என்றால் அறுவையைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவு. கால்வலியே இல்லாமல் இடுப்புவலி மட்டும் இருப்பவருக்கு, டிஸ்க் துண்டை அகற்றும் இந்த அறுவையால் பெரிதாகப் பயன் கிடைப்பதில்லை.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

மேலே சொன்ன பொறுமை எதுவும் இங்கே பொருந்தாது. பெரிய பிதுக்கம் குதிரைவால் நரம்புக்கற்றை முழுவதையும் நசுக்கினால்:

1. சிறுநீர் முட்டியும் வெளியேறாது, அல்லது முட்டுவதே தெரியாது, அல்லது தானாகக் கசியும்.

2. சைக்கிள் இருக்கையில் படும் பகுதி, அதாவது ஆசனவாய், பிறப்புறுப்பு, உள்தொடை மரத்துப்போகும். கழுவும்போது தொடுவது தெரியாது.

3. இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ பரவும், அல்லது ஒரு காலின் பலவீனம் மணிக்கு மணி கூடும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, இரவானாலும், அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலான மருத்துவர்கள் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்கிறார்கள். அதிலும் முந்தினால் நல்லது. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும் திரும்பாமல் போகலாம். கோதையாறு, பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் “விடியட்டும், பஸ் வரட்டும்” என்று இருந்துவிடக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். படகில் ஒருவருக்குச் சிறுநீர் நின்று இருக்கைப் பகுதி மரத்துப்போனால், அது “கரை சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்ற வகை அல்ல. வயர்லெஸ்ஸில் கடலோரக் காவல் படையின் உதவியைக் கேட்க வேண்டிய அவசரம். சொல்லக் கூச்சப்படும் அறிகுறிகள் என்பதால்தான் பலரும் மறைத்துவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: மாலையில் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் தணியாத வலி இருந்தால் அது டிஸ்க் அல்லாமல் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது அரிதல்ல. மருந்தால் குணமாகக்கூடியது.

வேலைக்குத் திரும்புவது

வலி குறையத் தொடங்கியதும் நடக்க வேண்டும். முதலில் முற்றத்தில் பத்து நிமிடம், பிறகு தெருக்கோடி வரை. வலி பாதத்திலிருந்து பின்வாங்கித் தொடைக்கும், பிறகு பிட்டத்துக்கும் ஏறினால் அது நல்ல அறிகுறி. கீழ்நோக்கி இறங்கினால் செய்யும் பயிற்சியை நிறுத்த வேண்டும். தோவாளையில் தரையில் அமர்ந்து மணிக்கணக்கில் பூத்தொடுப்பவர்களும், முந்திரி ஆலைகளில் குந்தியிருப்பவர்களும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று முதுகை நிமிர்த்திவிட்டு அமரலாம்.

பால் வெட்டுபவர் செய்யக்கூடியது இது. எழுந்தவுடன் நேராகத் தாழ்ந்த வெட்டுக்குப் போகாமல், அரை மணி நேரமாவது நடந்து, நிமிர்ந்து செய்யும் வேலைகளை முடித்துக்கொள்ளலாம். நெஞ்சளவு உயரத்தில் வெட்டுள்ள மரங்களை முதலில் எடுத்து, தாழ்ந்த வெட்டுள்ள மரங்களைக் கடைசிக்கு வைக்கலாம். அங்கே இடுப்பை வளைப்பதற்குப் பதிலாக ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி வெட்டலாம். ஒரு துண்டுச் சாக்கு இருந்தால் முழங்கால் ஈரத்தில் படாது. பால் வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு வாளிகளாகப் பிரித்து இரு கைகளிலும் எடுத்துச் செல்லலாம்.